மூன்று பஸ் போகட்டும், நான்காவதில் ஏறலாம்

பயத்தால் வீட்டுக்குள் முடங்கிப்போன பிள்ளைகள் சில மாதம் ஒன்றாகத் தங்கித் தேறி வரும் கூட்டு வீடுகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். டாக்டர்கள் இதை ஹாஃப்வே ஹோம் என்பார்கள். பெரம்பூரில் அப்படி ஒரு வீட்டில் மனநல சமூகப் பணியாளராகப் பதினோரு வருடம் இருந்தவள் நான். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான்கை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கே பாதி இடம் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்புச் சகோதரிக்கு, என் மகனுக்கு 21 வயது. கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஊருக்கு வரும்போது பஸ்ஸில் நெஞ்சு அடைத்து, கை மரத்து, செத்துவிடுவேன் என்று அலறி நடுவழியில் இறங்கிவிட்டான். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. அதிலிருந்து பஸ் ஏறவில்லை, அப்புறம் காலேஜ் போகவில்லை, இப்போது எட்டு மாதமாக அறையை விட்டே வருவதில்லை. சாப்பாட்டை நான்தான் உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். 'ரெண்டு அடி போட்டா எல்லாம் சரியாகும்' என்கிறார் அவன் அப்பா. மதுரையில் பார்த்த மனநல டாக்டர், சென்னையில் ஒரு கூட்டு வீட்டில் நான்கைந்து மாதம் இருக்கட்டும் என்கிறார். அங்கே என்ன செய்வார்கள்? மற்றவர்களின் பயத்தையும் பார்த்து இவனுக்கு இன்னும் கூடிவிடாதா? நாளைக்குப் பெண் பார்க்கும்போது இது தெரிந்தால் என்ன ஆகும்?
- ஓர் அம்மா, விருதுநகர்

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று தடவை படித்தேன், அம்மா. சாப்பாட்டை நீங்கள் உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும் வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பஸ்ஸில் அவனுக்கு வந்ததைப் பேனிக் அட்டாக் என்று சொல்வார்கள். எதிரே பாம்பு வந்தால் ஓடுவதற்காக உடம்பு அட்ரினலினைச் சுரக்கும் இல்லையா, அது பாம்பே இல்லாத இடத்தில் சுரந்துவிட்டது. மூச்சு வேகமாக வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போவதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அவன் நடிக்கவில்லை. செத்துவிடுவேன் என்று அவனுக்குத் தோன்றியது நிஜம். ஆனால் இந்தப் பயம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும். உங்கள் மகனோ பயம் இறங்குவதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டான். அதனால் 'இறங்கினதால்தான் பிழைத்தேன்' என்று அவன் மூளை குறித்து வைத்துக்கொண்டது. அடுத்த தடவை பஸ்ஸைப் பார்த்ததும் அதே குறிப்பை எடுத்து நீட்டியது. பஸ், காலேஜ், தெரு, வாசல் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுக் கடைசியில் ஓர் அறை மிஞ்சியிருக்கிறது. சோம்பேறித்தனத்தால் யாரும் இப்படி உட்கார மாட்டார்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டையே சொல்கிறேன். மாடியோடு ஒரு பழைய வீடு. கீழே மூன்று அறை, மேலே மூன்று அறை, மொட்டை மாடியில் துணிக்கொடி. ஒரு சமயத்தில் எட்டு ஒன்பது பேர் இருப்பார்கள், எல்லாரும் 18 முதல் 28 வயதுக்குள். மனநல டாக்டர் வாரம் ஒருநாள் வருவார், உளவியல் நிபுணர் இரண்டு நாள். மருந்து டாக்டர் எழுதிக் கொடுத்தபடி போகும். மற்றபடி பார்ப்பவர்களுக்கு அது ஹாஸ்டல் மாதிரிதான் இருக்கும். காலை ஆறு மணிக்கு ஆவின் பால் வாங்கி வர ஒருவர், குழாயில் தண்ணீர் பிடிக்க ஒருவர், காய் நறுக்க இருவர் என்று முறை வைத்திருப்போம். இந்த முறை வெறும் வீட்டு வேலைக்காக வைத்தது இல்லை. தெருவில் கால் வைக்கப் பயந்தவனுக்கு மூன்றாவது வாரம் பால் முறை வரும். அவன் போகாவிட்டால் அன்று யாருக்கும் காப்பி கிடையாது. டாக்டருக்காகப் போகாதவன் எட்டுப் பேர் காப்பிக்காகப் போவான். பல தடவை பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. எதற்கெல்லாம் பயம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மார்க் போட வேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசஃப் வோல்பே என்ற மனநல மருத்துவர் 1950களில் வகுத்த முறையிலிருந்து வந்தது. எது குறைந்த மார்க்கோ அதிலிருந்து தொடங்கி, மார்க் பாதியாகக் குறையும் வரை அந்த இடத்திலேயே நிற்பது. குறைந்தால் அடுத்த படி.

மற்றவர்களைப் பார்த்துப் பயம் கூடாதா என்ற கேள்வி எல்லா அம்மாக்களும் கேட்பது. எங்கள் வீட்டில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரியது இதற்கான பதில்தான். ஒருவன் பயப்படுகிற விஷயத்துக்கு, அவன் பக்கத்தில் இருப்பவன் பயப்படுவதில்லை. பஸ்ஸுக்குப் பயந்தவனுக்கு அழுக்கு ஒரு பொருட்டே இல்லை. அழுக்குக்குப் பயந்தவன் பஸ்ஸில் கால் மேல் கால் போட்டு உட்காருவான். 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனுக்குப் பயம் போக்கினார். அதற்கு அவர் செய்தவற்றில் ஒன்று, முயலுக்குக் கொஞ்சமும் பயப்படாத மூன்று குழந்தைகளை அவனோடு விளையாட விட்டது. எங்களுக்கு அப்படி வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டிய அவசியம் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் அந்தக் குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

இரண்டு பையன்களைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊரை மாற்றியிருக்கிறேன். ஒருவன் பரமக்குடி. உங்கள் மகனுக்கு இருப்பது போலவே பஸ் பயம். இன்னொருவன் நாகர்கோவில். எதைத் தொட்டாலும் கிருமி ஒட்டிக்கொண்டு, அது தன் தங்கைக்குப் போய் அவள் செத்துவிடுவாள் என்ற எண்ணம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுவான். புறங்கையெல்லாம் வெடித்து, சாம்பார் பட்டாலே எரியும்.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு 29சி போகும். பரமக்குடியின் நோட்டில் அதுதான் 100 மார்க். முதல் வாரம் கேட்டுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றான். அப்புறம் பால் பூத். மூன்றாவது வாரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, மூன்று 29சி வந்து கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. ஏற வேண்டாம், நின்றால் போதும். நின்றான். முதல் பஸ்ஸுக்கு 80 என்று எழுதினான், மூன்றாவதுக்கு 45. நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் மூன்று பஸ் போனதும் திரும்பி வராமல் நான்காவதில் ஏறிவிட்டான். நாகர்கோவில் கூடப் போனான். நான் இரண்டு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

கண்டக்டர் விசில் கொடுத்து வண்டி கிளம்பிய உடனேயே பரமக்குடிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் எழுந்துவிட்டான். நாகர்கோவில் அவனைப் பிடித்து இழுக்கவில்லை, தைரியமாக இரு என்று சொல்லவும் இல்லை. "மார்க் என்ன?" என்று மட்டும் கேட்டான். "தொண்ணூத்தஞ்சு." "சரி. நின்னுக்கிட்டே வாடா, உக்கார வேணாம்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இப்ப?" "தொண்ணூறு." இறங்கும் வழியை அடைத்துக்கொண்டு இருவரும் நின்றதால் ஓர் அம்மா திட்டினார்கள். ஜெமினி வருவதற்குள் அது 40 ஆகிவிட்டது. அங்கே இறங்கி டீக்கடையில் நின்றபோதுதான் நாகர்கோவில் தன் கையைப் பார்த்தான். வழி முழுக்க மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். கைக்குட்டையைச் சுற்றாமல், வெறுங்கையில். உள்ளங்கையில் துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஒரு கோடு. விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. இப்போது பரமக்குடி கேட்டான், "மார்க் என்ன?"

அன்று வீடு திரும்பும் வரை அவன் கை கழுவவில்லை. டீ கிளாஸை அந்தக் கையாலேயே பிடித்தான். நான் சொல்லிச் செய்ததில்லை அது.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு எல்லா இடத்துக்கும் நானே துணைக்குப் போனேன். கடைக்கு, கோயிலுக்கு, ரயிலுக்கு. நன்றாகத் தேறி வருகிறாள் என்று நினைத்தேன். எனக்கு டெங்கு வந்து இரண்டு வாரம் படுத்தபோது அவள் மறுபடியும் கேட்டுக்குள் நின்றுவிட்டாள். அவள் பயத்தைச் சந்திக்கவே இல்லை, என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சட்டைப் பையில் மாத்திரை அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் படி இறங்காதது, இவையும் அப்படித்தான். துணை முதலில் வேண்டும், அப்புறம் துணையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும். முதல் வாரம் பக்கத்து சீட், அடுத்த வாரம் பின்சீட், அப்புறம் அடுத்த பஸ், கடைசியில் வீட்டிலிருந்து ஒரு போன்.

அவன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் கிணற்றில் தள்ளித்தான் நீச்சல் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் எந்த அப்பாவும் சும்மா தள்ளிவிடுவதில்லை. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தள்ளுவார். சுரைக்குடுக்கை கட்டி இறக்குகிறவர்களும் உண்டு. அடி என்பது கயிறு இல்லாத தள்ளல். ஒரு தடவை மூச்சு முட்டினால் அதன் பிறகு அவன் கிணற்றடிக்கே வர மாட்டான். அப்பாவையும் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கோபப்படுகிற அப்பாக்கள் பலர் உள்ளுக்குள் பயந்து போயிருப்பவர்கள், எனக்குத் தெரியும்.

கூட்டு வீட்டுக்கு அனுப்புவதென்றால் முதலில் அவன் சம்மதிக்க வேண்டும். 21 வயது ஆள் அவன். ஏமாற்றிக் கூட்டிப் போகாதீர்கள். 'பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம்' என்று சொல்லி அழைத்து வந்த பிள்ளைகள் எங்களை நம்புவதற்கே இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. நீங்கள் முன்னதாகப் போய்ப் பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டுவதும் தனியறையில் அடைத்துப் பூட்டுவதும் அந்தச் சட்டத்தில் அடியோடு தடை. ராத்திரி யார் இருப்பார்கள், போன் கொடுப்பார்களா, எந்த டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகள் காய் நறுக்கிக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தால் நல்ல அறிகுறி. எல்லாரும் கட்டிலில் படுத்துக்கிடந்தால் வேறு இடம் பாருங்கள்.

பெண் பார்ப்பதைப் பற்றி. சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய்களில் இது ஒன்று. காலம் வரும்போது அவனே அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து சொல்வான். மறைக்கச் சொல்லிப் பழக்காதீர்கள், அது இன்னொரு பயமாகிவிடும்.

இப்போது சாப்பாடு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவனிடமும் முன்னாலேயே சொல்லிவிட்டு, இதை ஆரம்பிக்கலாம். ஒரு வாரம் தட்டை அறைக்கு உள்ளே வைக்காமல் நிலைப்படியில் வையுங்கள். அடுத்த வாரம் கூடத்தில், அறைக் கதவு தெரிகிற இடத்தில். நீங்களும் உங்கள் தட்டைப் போட்டுக்கொண்டு அங்கே உட்காருங்கள். வா வா என்று கூப்பிட வேண்டாம். அவன் வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாலும் விடுங்கள், அதுவும் ஒரு படிதான். திடீரென்று சாப்பாட்டை நிறுத்துவது மட்டும் கூடாது.

மேடம், நாங்கள் நான்கு பெண்கள் பெருங்குடியில் ஒரு வீடு எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறோம். ஒருத்திக்கு ஆறு மாதமாக கேஸ் பற்றிய பயம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் எழுந்து ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். 'ஆஃப்லதானே இருக்கு, சொல்லு' என்று எங்களை எழுப்பிக் கேட்கிறாள். நாங்களும் பார்த்துச் சொல்கிறோம். போட்டோ எடுத்துக்கூடக் கொடுத்தோம். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேட்கிறாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம் என்கிறாள் ஒரு தோழி. எனக்கு மனசு வரவில்லை.
- ஒரு வாசகி, சென்னை

மனசு வராதது நல்லது. ஆனால் நீங்கள் நான்கு பேரும் தூங்க வேண்டும், அதுவும் நியாயம்.

இது எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. அவளுக்கும் ரெகுலேட்டர் மூடியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. 'ஒருவேளை?' என்ற கேள்வி மட்டும் அடங்குவதில்லை. நீங்கள் சொல்லும் பதில் உப்புத் தண்ணீர் மாதிரி. குடித்த நிமிடம் தொண்டை நனையும், தாகம் கூடும். போட்டோ இன்னும் மோசம். 'இது நேற்று எடுத்த போட்டோவாக இருந்தால்?' என்று அடுத்த கேள்விக்கு வழி விட்டிருக்கும்.

1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு வழியை எழுதினார். பயம் தரும் காரியத்தைச் செய்ய வைத்து, அதன் பிறகு அவர்கள் செய்யும் சடங்கை, அதாவது கழுவுதலையோ சரிபார்த்தலையோ, செய்யாமல் இருக்க வைப்பது. நர்சுகள் இடைவிடாமல் கூடவே இருந்தார்கள். பயம் ஏறும், ஏறி நின்று, சடங்கு இல்லாமலேயே இறங்கும். இன்றைக்கும் இந்த நோய்க்கு மனசிகிச்சையில் முதலில் சொல்வது இதன் வளர்ந்த வடிவத்தைத்தான். இப்போது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு படிப்படியாகச் செய்கிறார்கள். மருந்தும் உதவும், ஆனால் வேலை செய்யப் பல வாரம் எடுக்கும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று அவள் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அவளுக்கு டாக்டராக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகலில், அவள் அமைதியாக இருக்கும் நேரத்தில், நான்கு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். "இந்தக் கேள்வியை நீ கேட்கவில்லை, உன் பயம் கேட்கிறது. இனிமேல் ராத்திரி இதற்குப் பதில் சொல்ல மாட்டோம். ஆனால் யாராவது ஒருத்தி எழுந்து வந்து உன்கூடப் பத்து நிமிடம் உட்காருவோம்." இதற்கு அவள் ஒத்துக்கொண்டால் மட்டும் தொடங்குங்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒருத்தியே சுமக்கக் கூடாது. சமையலறையிலிருந்து அவள் திரும்பி வரும்போது கேலி வேண்டாம். எங்கள் வீட்டில் இதே பயம் உள்ள ஒரு பெண் அடுப்படி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, எழுந்து போய்ப் பார்க்காமல் இருபத்தைந்து நிமிடம் இருந்த ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் இன்னொருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டு, எதுவும் பேசாமல், ஆனால் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவளை ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்பது போல அவள் ஏதாவது சொன்னால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாதீர்கள், அவள் வீட்டுக்குச் சொல்லுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

நர்சிங் படிக்கிறேன். இப்படிச் சேர்ந்து வாழ வைத்துக் குணமாக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது? நம் ஊரில் உண்டா?
- ஒரு மாணவி, மதுரை

ஒரே இடத்தைச் சொல்ல முடியாது. ஹாலந்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்த எல்லி ஜான்சன் என்ற இளம்பெண் 1959-இல் ரிச்மண்டில் ஒரு வீடு எடுத்து, மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்களைத் தன்னோடு தங்க வைத்தார். அது ரிச்மண்ட் ஃபெல்லோஷிப் என்ற அமைப்பாக வளர்ந்து இந்தியாவுக்கும் வந்தது. 1971-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் லோரன் மோஷர் என்ற மனநல மருத்துவர் சொட்டீரியா என்ற வீட்டைத் தொடங்கினார். மனச்சிதைவு முதன்முதலாக வந்த இளைஞர்கள் அங்கே சாதாரண ஆட்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். மருந்தை முடிந்த மட்டும் தவிர்ப்பது அந்த வீட்டின் கொள்கை. அதை நான் ஏற்க மாட்டேன். மருந்து இல்லாமல் கஷ்டப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் சரிசெய்யக் கிளம்பாமல் பக்கத்தில் சும்மா இருப்பதும் ஒரு வேலை என்று அந்த வீடு சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறேன்.

நம் நாட்டில் வித்யா சாகர் என்ற மனநல மருத்துவர் 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் தொடங்கிய பேன்யன் என்ற மனநல அமைப்புகள் இரண்டையும் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். பல வருடம் காப்பகத்தில் இருந்தவர்களை நான்கைந்து பேராக ஊருக்குள் வாடகை வீட்டில் குடிவைக்கும் வேலையைப் பேன்யன் செய்கிறது. அந்த வீடுகளில் கோலமும் இருக்கும், பக்கத்து வீட்டுச் சண்டையும் இருக்கும்.

சேர்ந்து தங்க வைப்பது என்ற பேரில் நம் மாநிலத்தில் நடந்த கொடுமையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்து 28 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள், ஓட முடியவில்லை. நர்சாகி நீங்கள் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கதவையும் தாழ்ப்பாளையும் பாருங்கள். அது உள்ளேயிருந்து திறக்கிறதா என்று பாருங்கள்.

அம்மா, நான் இப்போது ஒரு கூட்டு வீட்டில்தான் இருக்கிறேன். ஆட்கள் முன்னால் பேசப் பயம். நான்கு மாதத்தில் கடைக்காரரிடம் பேச, தெரியாதவரிடம் வழி கேட்க எல்லாம் பழகிவிட்டேன். போன வாரம் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலக் கூட்டத்தில் உட்காரவே வெட்கமாக இருக்கிறது. நான்கு மாதமும் வீண்தானா?
- ஓர் இளைஞன், திருச்சி

வீண் இல்லை தம்பி. படி கொஞ்சம் உயரமாகிவிட்டது, அவ்வளவுதான். கடைக்காரரிடம் பேசுவதற்கும் மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பதற்கும் நடுவில் நாலைந்து படியாவது இருக்க வேண்டும். உங்கள் நோட்டில் அவை விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் இருப்பவர்களையே மூன்று பேராக உட்கார வைத்து, நீங்கள் கதவைத் தட்டி உள்ளே வாருங்கள். அவர்கள் சிரித்துவிட்டால் மறுபடியும் வெளியே போய்த் தட்டுங்கள். அடுத்தது தெரியாத ஆள் ஒருவர். அதற்கப்புறம், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும் ஒரு வேலைக்கு உண்மையான நேர்முகத் தேர்வு.

வெட்கத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது பாதி வழியில் திரும்பி வந்த நாளில் நீங்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள்? அந்தப் பரமக்குடிப் பையன் பெசன்ட் நகருக்குத் தனியாகப் போவதற்கு முன்னால் ஆறு தடவை அடையாறிலேயே இறங்கித் திரும்பி வந்தான். ஆறு தடவையும் அடையாறு என்று எழுதி, பக்கத்தில் மார்க்கையும் எழுதினான். வட்டமிட்டு யாரும் சிவப்பு மையில் திருத்தவில்லை.

இன்று சாயங்காலம் பாயில் போய் உட்காருங்கள். 'வாசல் வரை' என்று நோட்டில் எழுதி, அந்த நிமிடம் மார்க் எவ்வளவு இருந்தது என்று சத்தமாகச் சொல்லுங்கள். அடுத்த நேர்முகத் தேர்வு எந்தத் தேதி என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.